கையசைவும் அதன் காரணமும்

சில ஆண்டுகளுக்கு முன்பு குறும்படம் எடுக்கும் இளைஞர் குழு ஒன்று எங்கள் வீட்டுக்கு இரண்டு நாட்கள் வந்து போனது. கதையின் மையப் பாத்திரம் ஆட்டிசம் உள்ள ஓர் இளைஞன் என்றும், அந்த வேடத்தை ஏற்கப்போகும் நடிகர் என் தம்பியோடு சற்றுப் பழகிப் பார்க்க விரும்புகிறார் என்றும் ஒரு தோழி வழியாகக் கேட்டிருந்தார்கள். தம்பிக்கு அப்போது 28 வயது. அவன் வாய்விட்டுப் பேசும் சொற்கள் முப்பதைத் தாண்டாது. அவற்றில் பாதி, வேண்டாதவற்றை நிறுத்தச் சொல்லும் சொற்கள். ஆள் வருவது அவனுக்குப் பிடிக்காது என்பதால் முதலில் தயங்கினேன். ஆனால் எங்களைப் போன்ற வீடுகளைப் பற்றி யாரோ அக்கறையோடு படம் எடுக்க வருகிறார்கள் என்ற எண்ணத்தில் ஒப்புக்கொண்டேன்.

வந்த நடிகர் மரியாதை தெரிந்த பிள்ளை. குரலை உயர்த்தவில்லை, தம்பியின் அறைக்குள் கேட்காமல் நுழையவில்லை. ஒரு நோட்டில் எதையெதையோ குறித்துக்கொண்டே இருந்தார். தம்பி வலது கை விரல்களைக் காதோரம் வைத்துச் சிறகடிப்பதுபோல் வேகமாக அசைப்பான். அதை அவர் அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டுவிட்டார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தை லேசாகச் சாய்த்து, அதே வேகத்தில் விரல்களை அசைத்துக் காட்டி, “அக்கா, கை சரியா வருதா பாருங்க” என்று கேட்டார். சரியாகத்தான் வந்தது. அச்சு அசலாக வந்தது. நானும் சரியாக வருகிறது என்று சொன்னேன். அந்த அசைவு ஏன் வருகிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லியிருக்க வேண்டிய நானும் சொல்லவில்லை.

தம்பி அப்படி விரல்களை அசைப்பது பெரும்பாலும் வாஷிங் மெஷின் அருகில்தான். துணியைப் பிழியும் கடைசிச் சுற்று தொடங்கியதும், வீட்டில் எங்கே இருந்தாலும் எழுந்து வந்துவிடுவான். இடது உள்ளங்கையை மூடியின் மேல் வைத்துக்கொள்வான். இயந்திரத்தின் ஒலி மேலேறத் தொடங்கும்போது வலது கை காதோரம் போகும். ஒலி உச்சத்துக்கு ஏற ஏற விரல்களின் வேகமும் ஏறும். சுற்று தளர்ந்து நிற்கும்போது விரல்களும் தளர்ந்து நிற்கும். பிறகு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுவான். கச்சேரி கேட்பவர்கள் தொடையில் தாளம் போடுவதற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. அவன் வாழ்வில் கலப்படமில்லாத மகிழ்ச்சி என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடிய நிமிடங்கள் அவை.

படம் முடிந்து இணைப்பை அனுப்பினார்கள். மடிக்கணினியில் தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். மருத்துவமனைக் கட்டிலில் தாய் கிடக்கிறாள், வயலின் அழுகிறது, கட்டிலின் ஓரத்தில் நின்று நாயகன் காதோரம் விரல்களை அசைக்கிறான். பார்ப்பவர்கள் நெஞ்சடைத்துப் போக வேண்டிய இடம் அது, பின்னூட்டங்களைப் பார்த்தால் பலருக்கு அடைத்திருக்கிறது. தம்பி திரையில் அந்தக் கையைப் பார்த்தான். எழுந்து போனான். பின்கட்டில் வாஷிங் மெஷின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றான். அது ஓடவில்லை. திரும்பி வந்து மடிக்கணினியைக் காட்டி, “மூடு” என்றான்.

ஆட்டிசத்தைப் பற்றிய படங்கள் குறித்து நான் படித்த விமர்சனங்கள் எல்லாவற்றையும்விட அந்த ஒற்றைச் சொல்லில் கூடுதல் விஷயம் இருப்பதாக அன்றிலிருந்து எனக்குத் தோன்றுகிறது. அந்த நடிகர் தம்பியின் கையை எடுத்துக்கொண்டார்; கை எதற்காக அசைந்ததோ அதை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். ஆட்டிசம் உள்ளவர்களைப் பற்றிய திரைப்படங்களின் வரலாற்றில் பெரும்பகுதி இப்படித்தான் நடந்திருக்கிறது. யார் நடிக்க வேண்டும் என்ற கேள்வியை இந்த இடத்திலிருந்துதான் என்னால் தொடங்க முடிகிறது.

இதைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும், அபார நினைவாற்றல் கொண்ட, ஆட்டிசம் உள்ள ஒருவரைக் காட்டி 1988-இல் வெளிவந்த ‘ரெயின் மேன்’ என்ற ஹாலிவுட் படத்தில் போய் நிற்பார்கள். நானும் நின்றாக வேண்டும், ஏனென்றால் அந்தப் படத்தின் நிழல் எங்கள் வீட்டுக் கூடம் வரை விழுந்திருக்கிறது. புதிதாக வரும் விருந்தினர்களில் பாதிப் பேர், தம்பிக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததும் கேட்கும் அடுத்த கேள்வி, “அப்படின்னா அவருக்கு ஏதாவது விசேஷத் திறமை இருக்கணுமே?” என்பதுதான். எந்தத் தேதியைச் சொன்னாலும் கிழமையைச் சொல்வானா, பெரிய எண்களைப் பெருக்குவானா என்று கேட்டவர்கள் உண்டு. செய்ய மாட்டான் என்றால் அவர்கள் முகத்தில் ஒரு சிறு ஏமாற்றம் தெரியும். ஆட்டிசம் உள்ளவர்களில் இப்படிப்பட்ட அபாரத் திறன் கொண்டவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர் என்பதுதான் நெடுங்காலமாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. மீதி ஒன்பது பேர் தங்களிடம் இல்லாத ஒன்றுக்காக விருந்தினர் முன் குறைந்துபோக வேண்டியிருக்கிறது.

அந்தப் படம் பிறந்த விதத்திலேயே இந்தக் குழப்பத்தின் வேர் இருக்கிறது. திரைக்கதையை முதலில் எழுதிய பாரி மாரோவுக்குத் தூண்டுதலாக இருந்தவர் கிம் பீக் என்ற அமெரிக்கர். ஆயிரக்கணக்கான புத்தகங்களை நினைவில் வைத்திருந்தவர், 2009-இல் மறைந்தார். ஆனால் அவருக்கு இருந்தது ஆட்டிசம் அல்ல. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை அவருக்குப் பிறவியிலேயே இல்லை. படம் உருவாகும் போக்கில், டஸ்டின் ஹாஃப்மன் அந்த வேடத்துக்கு வந்த பிறகு, பாத்திரம் ஆட்டிசம் உள்ளவராக மாற்றப்பட்டது. நினைவாற்றல் மட்டும் பழைய பாத்திரத்திலிருந்து அப்படியே தொடர்ந்தது. ஒருவருடைய மூளையையும் வேறு சிலருடைய நடையுடை பாவனையையும் சேர்த்துத் தைத்த அந்த உருவம், சிறந்த படம், சிறந்த நடிகர் உட்பட நான்கு ஆஸ்கர் விருதுகளைப் பெற்று, உலகம் முழுவதற்கும் ஆட்டிசத்தின் முகமாகிவிட்டது.

ஆனாலும் அந்தப் படத்தை வசைபாட எனக்கு மனம் வரவில்லை. ஹாஃப்மன் மேம்போக்காக வேலை செய்தவர் அல்லர். ஆட்டிசம் உள்ளவர்களோடும் அவர்களுடைய குடும்பங்களோடும் பழகித்தான் அந்த வேடத்தைச் செய்தார். ஆட்டிசம் உள்ள மகனைப் பெற்றவரும், தாயின் பாசக் குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று பெற்றோர்மீது பழிபோட்ட கோட்பாட்டை 1964-இல் எழுதிய நூலால் ஆட்டங்காண வைத்தவருமான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட், அந்தப் படத்துக்கு ஆலோசகர்களில் ஒருவராக இருந்தார். அதற்கு முன் அந்தச் சொல்லையே கேட்டறியாத பொதுமக்களிடம், “ரெயின் மேன் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டுப் பேச்சைத் தொடங்கும் வசதி பெற்றோர்களுக்குக் கிடைத்தது. இருட்டில் நின்றவர்களுக்கு அது விளக்குத்தான். விளக்கு ஒரே இடத்தில் நின்றுவிட்டது என்பதுதான் குறை.

என்னை அதைவிட அதிகமாக உறுத்துவது அந்தப் படத்தின் கதைக் கட்டுமானம். படத்தின் தொடக்கத்தில், ஹாஃப்மன் நடித்த ரேமண்ட் ஒரு காப்பகத்தில் இருக்கிறான். இறுதியில் அங்கேயே திரும்பிப் போகிறான். இடையில் மாறுபவன் அவனுடைய தம்பி சார்லி. சுயநலக்காரன் மனிதனாகிறான், அவனை மனிதனாக்கிய வேலை முடிந்ததும் அண்ணன் ரயில் ஏறிவிடுகிறான். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ படங்களில் ஆட்டிசம் உள்ள பாத்திரத்துக்கு இதுதான் உத்தியோகம்: அப்பாவையோ, அண்ணனையோ, ஆசிரியையோ நல்லவராக்கிவிட்டு ஓரமாகப் போய் நிற்பது. தமிழில் 2013-இல் வந்த ‘ஹரிதாஸ்’ எனக்குப் பிடித்த படம். ஆட்டிசம் உள்ள சிறுவனைக் கேலிக்கோ பரிகாரத்துக்கோ ஆளாக்காமல், அவன் ஓட விரும்புகிறான் என்பதைக் கவனித்த படம். ஆனால் அதுவும் அடிப்படையில் தகப்பனின் கதைதான். 2010-இல் வந்த ‘மை நேம் இஸ் கான்’ இந்தவகையில் ஒருபடி முன்னே போனது. ஷாருக் கான் நடித்த ரிஸ்வான் காதலிக்கிறான், மணக்கிறான், நாட்டின் அதிபரைச் சந்திக்கத் தானே கிளம்புகிறான். ஆனால் அவன் தலைசாய்க்கும் கோணத்தையும் பார்வையை விலக்கும் விதத்தையும் பார்க்கும்போது, முன்னோடிப் படங்களைப் பார்த்துப் படித்த பாடம் என்ற எண்ணம் எனக்கு எழாமல் இல்லை. நடிகர்கள் ஆட்டிசம் உள்ளவர்களைப் பார்த்து நடிப்பதைவிட, ஆட்டிசம் உள்ளவராக நடித்தவர்களைப் பார்த்து நடிப்பது எளிது. அப்படி நகலுக்கு நகல் எடுத்து எடுத்து, பக்கவாட்டில் சாய்ந்த தலை, ஒரே சுருதியில் பேச்சு, நேராகப் பார்க்காத கண் என்று ஒரு சீருடையே தைத்து மாட்டியாகிவிட்டது.

சரி, யார் நடிப்பது? இந்தக் கேள்வி உலக அளவில் கொதித்தது பாடகி சியா இயக்கிய ‘மியூசிக்’ என்ற படத்தின்போது. அதன் முன்னோட்டம் 2020-இன் இறுதியில் வெளிவந்தது, படம் 2021-இல் வந்தது. பேசாத, ஆட்டிசம் உள்ள பெண்ணின் வேடத்தில் ஆட்டிசம் இல்லாத மேடி சீக்ளர் என்ற இளம் நடனக் கலைஞர் நடித்திருந்தார். ஏன் ஆட்டிசம் உள்ள ஒருவரைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு, அப்படி ஒரு பெண்ணோடு முயன்று பார்த்ததாகவும், படப்பிடிப்பு அவருக்குப் பெரும் மன அழுத்தமாக இருந்ததாகவும், ஆகவே மாற்றியது அன்பினால்தான் என்றும் சியா பதில் சொன்னார். இந்தப் பதிலை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒருவர் படிக்கட்டில் ஏற முடியாமல் நின்றால், சாய்தளம் கட்டலாம் அல்லது ஏறக்கூடிய வேறொருவரை அழைத்துக்கொள்ளலாம். இரண்டாவதைச் செய்துவிட்டு அதற்கு அன்பு என்று பெயர் வைப்பது எங்கள் வீடுகளுக்கு மிகவும் பழக்கமான அனுபவம்.

அந்தப் படத்தில் அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. பதற்றத்தின் உச்சத்தில் இருக்கும் அந்தப் பெண்ணைக் கீழே தள்ளி, மேலே ஆள் படுத்து அமுக்கிப் பிடிப்பதை, பாதுகாப்பளிக்கும் செயலைப்போலப் படம் காட்டியது. அப்படிக் குப்புற அமுக்கிப் பிடிக்கப்பட்டு மூச்சுத் திணறி இறந்தவர்கள் உண்மையில் உண்டு. கடும் எதிர்ப்புக்குப் பிறகு சியா மன்னிப்புக் கேட்டார். எச்சரிக்கை சேர்ப்பதாகவும் அக்காட்சிகளை நீக்குவதாகவும் அறிவித்தார். அமுக்கப்படுபவரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கக்கூடிய ஒருவர் கதை விவாதத்தில் இருந்திருந்தால், அந்தக் காட்சி காகிதத்தைத் தாண்டியிருக்காது. இங்கே நடிகரை மாற்றியிருந்தாலும் பயன் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதே காட்சியில் ஆட்டிசம் உள்ள ஒரு பெண்ணை நடிக்க வைத்திருந்தால் கொடுமை இரட்டிப்பாகியிருக்கும்.

இந்தக் கதைக்கு ஒரு பின்கதை உண்டு. அது இரண்டு தரப்பாரையும் ஒருசேர வாயடைக்க வைக்கிறது. 2023-இல் சியா, தாமும் ஆட்டிசம் உள்ளவர் என்பது தமக்குத் தெரியவந்திருப்பதாகச் சொன்னார். ஆக, ஆட்டிசம் உள்ளவர்களை மிகவும் புண்படுத்திய படத்தை இயக்கியவரும் ஆட்டிசம் உள்ளவரே. அதனால் ‘உள்ளிருந்து வருபவருக்குத் தானாக எல்லாம் தெரியும்’ என்று யாராலும் சொல்லிவிட முடியாது. சரளமாகப் பேசி, மேடையேறிப் பாடி, நாற்பது வயதைக் கடந்த பிறகு தன் நிலையை அறிந்துகொண்ட ஒருவருக்கு, பேச்சே இல்லாத ஒரு பெண்ணின் உள்ளுலகம் என் தம்பியுடையதைப் போலவே வெளியிலிருந்து பார்க்கும் உலகம்தான். ஆட்டிசம் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் அத்தனை பேரைத் திணித்து வைத்திருக்கிறோம். (தமிழில் மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். தம்பியின் மதி எங்கேயும் இறுகிக் கிடப்பதாக எனக்குத் தோன்றாததால் அந்தச் சொல்லை நான் புழங்குவதில்லை.)

நடிப்பு என்றாலே இன்னொருவராக மாறுவதுதானே, கொலைகாரனாக நடிக்கக் கொலை செய்திருக்க வேண்டுமா என்று கேட்கிறவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கொலைகாரர்கள் யாரும் வாய்ப்புக் கேட்டு நடிகர் தேர்வு அறைக்கு வெளியே வரிசையில் நிற்கவில்லை. கொலைகாரன் வேடம் தவறாக அமைந்தால் மறுநாள் பள்ளிக்கூடத்தில் அடிபடும் குழந்தையும் இல்லை. தவிர, வாய்ப்பு இரண்டு பக்கமும் ஓடுவதாக இருந்தால் இந்த வாதத்தை நான் முழுமனதாக ஏற்றுக்கொள்வேன். ஆட்டிசம் உள்ள நடிகருக்கு வக்கீல் வேடமும், காதலன் வேடமும், வில்லன் வேடமும் கிடைக்கும் நாளில், ஆட்டிசம் இல்லாதவர் ஆட்டிசம் உள்ளவராக நடிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? இப்போது ஓடுவது ஒரு பக்கம் மட்டுமே.

அதோடு, ஆட்டிசம் உள்ளவர்களுக்கு நடிக்க வராது என்ற நம்பிக்கையைப்போல வேடிக்கையானது வேறில்லை. அவர்களில் பலர், குறிப்பாகப் பெண்கள், சிறுவயதிலிருந்தே பிறரைக் கூர்ந்து கவனித்து, எப்போது சிரிக்க வேண்டும், எவ்வளவு நேரம் கண்ணைப் பார்க்க வேண்டும், கேலியை எப்படி ஏற்க வேண்டும் என்று மனப்பாடம் செய்து, ஒவ்வொரு நாளும் முகமூடி அணிந்துதான் வெளியே வருகிறார்கள். இடைவேளை இல்லாத நடிப்பு அது, கைத்தட்டலும் கிடையாது. நடிகர் ஆண்டனி ஹாப்கின்ஸ் தமக்கு, ஆட்டிசத்தின் ஒரு வகையாகக் கருதப்படும் ஆஸ்பெர்கர் நிலை இருப்பது கண்டறியப்பட்டதாக 2017-இல் சொன்னார். ‘பிரிசன் பிரேக்’ தொடரின் வென்ட்வொர்த் மில்லர் தமக்கு ஆட்டிசம் உறுதிசெய்யப்பட்டதை 2021-இல் வெளியிட்டார். அவர்கள் நடித்த வேடங்களைப் பார்த்தபோது யாரும், ‘பாவம், இவருக்கு நடிக்க வராது’ என்று சொன்னதாகத் தெரியவில்லை.

இந்தப் பெயர்கள் இன்னொரு எச்சரிக்கையையும் தருகின்றன. தம் நிலையை வெளியே சொல்வதும் சொல்லாமலிருப்பதும் அவரவர் விருப்பம். பலருக்கு அந்த நிலை இருப்பதே நடுவயதில்தான் தெரிகிறது. எனவே நடிகர் தேர்வு வாசலில் மருத்துவச் சான்றிதழ் கேட்கும் வழக்கத்தை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். ஒரு நடிகரைப் பார்த்து, “நீ ஆட்டிசம் உள்ளவன்தானா, நிரூபி” என்று இணையத்தில் துரத்துவது, எந்த நியாயத்துக்காக இந்த வாதம் தொடங்கியதோ அதையே மிதிப்பதாகும். கேள்வியைத் தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டும்: தேடினீர்களா? எங்கே தேடினீர்கள்? வந்தவர்களுக்கு எதை மாற்றிக் கொடுத்தீர்கள்?

தேடியவர்களுக்குக் கிடைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். ஒரு புகழ்பெற்ற நாவலின் நாடக வடிவம் 2012-இல் லண்டனில் மேடையேறியது. அதன் நாயகனான கிறிஸ்டோபரை ஆட்டிசம் உள்ள சிறுவன் என்றே எல்லோரும் புரிந்துகொண்டார்கள். அமெரிக்காவில் அந்த வேடத்தை, தாம் ஆட்டிசம் உள்ளவர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட மிக்கி ரோவ் ஏற்று நடித்தது 2017-இல். 2017-இலேயே ‘கீப் த சேஞ்ச்’ என்ற அமெரிக்கக் காதல் நகைச்சுவைப் படத்தில், ஆட்டிசம் உள்ள காதலர்களாக ஆட்டிசம் உள்ள பிராண்டன் பொலான்ஸ்கியும் சமந்தா எலிசோஃபோனும் நடித்தார்கள். அந்தப் படத்தில் யாரும் யாரையும் நல்லவராக்குவதற்காக உட்கார்ந்திருக்கவில்லை. இருவருமே எரிச்சலூட்டுகிறார்கள், பொய் சொல்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், கொஞ்சுகிறார்கள். 2022-இல் வந்த ‘ஹார்ட்பிரேக் ஹை’ என்ற ஆஸ்திரேலியத் தொடரில் குவின்னியாக வரும் குளோயி ஹேடன், தன் பாத்திரம் எழுதப்படுவதிலும் பங்கெடுத்துக்கொண்டார். குவின்னி வண்ண வண்ணமாக உடுத்துகிறாள், தோழிகளோடு கலகலக்கிறாள், காதலியோடு சிரிக்கிறாள். கூட்டமும் இரைச்சலும் அளவை மீறியதும் சொல்லற்றுப் போய்ச் சுருண்டுகொள்கிறாள். அந்தச் சுருளலுக்கு முன் அவளுக்கு என்னென்ன நடந்தது என்று வரிசையாக நாம் பார்த்திருக்கிறோம். காரணம் கையிலிருப்பதால் அசைவு புரிகிறது.

இந்தக் காலத்திலேயே எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. 2019-இல் லண்டனில் அரங்கேறிய ஒரு நாடகத்தில், பேசாத பதினொரு வயதுச் சிறுவனை ஒரு பொம்மலாட்டப் பொம்மையாக வைத்தார்கள்; அவனைச் சுற்றியிருந்த பெற்றோர் முதலான எல்லோரும் மனிதர்கள். இதற்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

என் தம்பியைப் போன்றவர்களின் விஷயத்துக்கு வருகிறேன். இந்த விவாதத்தில் எல்லோரும் மெல்லக் கடந்துபோகும் இடம் இதுதான். பன்னிரண்டு மணி நேரப் படப்பிடிப்பில் அவனால் இருக்க முடியாது. ஆயிரக்கணக்கான வாட் விளக்கு, நொடிக்கொரு கூச்சல், ‘இதோ பத்து நிமிடத்தில்’ என்று சொல்லிவிட்டு மூன்று மணி நேரம் காக்கவைப்பது, பிறகு அதே காட்சியைப் பதினேழு முறை எடுப்பது ஆகியவை அவனை மட்டுமல்ல, திடமானவர்களையும் வதைக்கும். அவனுடைய ஒப்புதலை எப்படிப் பெறுவது என்ற கேள்வி அதைவிடப் பெரியது. அவன் சார்பில் நான் தலையாட்டினால் அது ஒப்புதல் ஆகிவிடுமா? ஆட்டிசம் உள்ளவர்களே நடிக்க வேண்டும் என்று முழங்கும்போது, பேசக்கூடிய, தனியாகப் பயணிக்கக்கூடிய, மனப்பாடம் செய்யக்கூடிய நடிகர்களே நம் மனக்கண்ணில் நிற்கிறார்கள். அவர்களுக்குக் கதவு திறந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அப்படிப்பட்டவர்களுக்கு மட்டுமே கதை எழுதிக்கொண்டு, நடிக்க ஆள் கிடைக்கவில்லை என்ற காரணத்தால் தம்பியைப் போன்றவர்களைத் திரையிலிருந்தே அகற்றிவிட்டால், அது இன்னொரு வகைக் காப்பகம்.

2020-இல் பிக்ஸார் நிறுவனம் வெளியிட்ட ‘லூப்’ என்ற சின்னஞ்சிறு அனிமேஷன் படம் இதற்கு ஒரு வழியைக் காட்டியது. எரிக்கா மில்சம் இயக்கியது. பேசாத சிறுமியான ரெனேயும் வாயாடிப் பையன் ஒருவனும் ஏரியில் படகோட்டுகிறார்கள், அவ்வளவுதான் கதை. ரெனேயின் குரலுக்குச் சொந்தக்காரர், ஆட்டிசம் உள்ள, பேசாத மேடிசன் பாண்டி. அவரை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வரவழைக்காமல், கருவிகளை அவர் வீட்டுக்கே எடுத்துப்போய், அவர் இயல்பாக எழுப்பும் ஒலிகளைப் பதிவுசெய்தார்கள். சொல் இல்லாதவளுக்கும் குரல் உண்டு என்று நினைத்த ஒருவர், அதைத் தேடிக்கொண்டு போயிருக்கிறார். சியாவின் பதிலுக்கும் இந்தச் செயலுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு வீட்டு வாசல்படிதான்.

ஆட்டிசம் இல்லாத நடிகராலேயே சரியாக அமைந்த படமும் உண்டு. அதை மறைத்தால் என் வாதம் நேர்மையற்றதாகிவிடும். 2010-இல் வந்த ‘டெம்பிள் கிராண்டின்’ படத்தில், அதே பெயருடைய, ஆட்டிசம் உள்ள கால்நடை அறிவியல் அறிஞராக நடித்து கிளேர் டேன்ஸ் எம்மி விருது பெற்றார். கிராண்டின் உயிரோடு இருக்கிறார். நடிகையோடு நேரில் உட்கார்ந்து பேசினார். சொற்களால் அல்லாமல் படங்களால் சிந்திப்பதைப் பற்றி ஏற்கெனவே பக்கம் பக்கமாக எழுதியும் இருந்தார். படத்தில் யாராவது ஒரு சொல்லைச் சொன்னதும் அவர் மனத்தில் ஓடும் படங்கள் திரையில் ஓடும். கால்நடைகள் ஏன் மிரள்கின்றன என்று அறிய அவர் அவற்றின் கண்மட்டத்துக்குக் குனிந்து பார்ப்பார். நாமும் குனிந்து பார்ப்போம். நடிகையின் தோள்குறுகலும் உரத்த குரலும் நமக்கு விசித்திரமாகப் படாததற்குக் காரணம், உள்ளே என்ன நடக்கிறது என்று கேமரா நமக்கு ஏற்கெனவே காட்டிவிட்டதுதான். அங்கே காரணத்தைக் கொடுக்கத் தெரிந்த மனிதர் இருந்தார், கேட்டு வாங்கிக்கொள்ளவும் ஆள் இருந்தது. அப்படி யாரும் இல்லாத படத்தில் எவ்வளவு பெரிய நடிகரும் விரல்களை மட்டுமே அசைக்க முடியும்.

டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், தாமே ஆட்டிசம் உள்ளவர், 2012-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர்களைப் புரிந்துகொள்ள முடிவதில்லை என்று ஒருபக்கக் குறையாகவே சொல்லிவருகிறோமே, மற்றவர்களுக்கு அவர்களைப் புரிகிறதா என்பதே அவர் கேள்வி. புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு மட்டும் அதை நோய் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்த நடிகர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த காட்சியை இந்தக் கருத்தோடு சேர்த்து நினைத்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்த இரண்டு நாட்களும் தம்பியும் அவரைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தான். அவர் பேனாவை மூடித் திறக்கும் ‘டிக்’ ஒலி அவனுக்கு ஆகவில்லை. மதியத்துக்குள் அந்தப் பேனாவை எடுத்து வேறோர் அறையில் வைத்துவிட்டான். நோட்டில் அது எப்படிக் குறிக்கப்பட்டது என்று எனக்குத் தெரியாது.

அந்தக் குழுவின்மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு வயது இருபதுகளில். நான் வாயைத் திறந்து இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்த மருத்துவமனைக் காட்சி வேறு மாதிரி அமைந்திருக்கலாம். அதற்குப் பிறகு இரண்டு முறை வேறு சிலர் இதேபோல் வந்து பழக அனுமதி கேட்டார்கள். தம்பி வேடத்தில் யார் நடிக்கப்போகிறார்கள், ஆட்டிசம் உள்ளவர்களை அழைத்துப் பார்த்தீர்களா என்று நான் கேட்டதும் ஒருவர் கலந்து பேசிவிட்டு அழைப்பதாகச் சொன்னார், அழைக்கவில்லை. இன்னொருவர் மாணவி. இன்னும் யாரையும் முடிவுசெய்யவில்லை என்றும், ஆட்டிசம் உள்ள இருவர் நடிகர் தேர்வுக்கு வரச் சம்மதித்திருக்கிறார்கள் என்றும், கதையை அவர்களிடம் படித்துக் காட்டியபோது இரண்டு காட்சிகள் பொய் என்று சொல்லிவிட்டார்கள் என்றும் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். எந்தக் காட்சிகள் என்று கேட்டேன். அழுகைக் காட்சிகள்தானாம்.

அவரை வரச் சொல்லியிருக்கிறேன். நோட்டு வேண்டாம், டிக் பேனா கண்டிப்பாக வேண்டாம், வாஷிங் மெஷின் ஒரு முழுச் சுற்று முடியும் வரை பின்கட்டில் எங்களோடு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். ஐம்பத்தைந்து நிமிடம் ஆகும் என்றும் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறார். தம்பிக்கு நாட்காட்டியில் அந்தக் கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு பெண்ணின் முகமும் ஒரு வாஷிங் மெஷினும் வரைந்து காட்டினேன். முகத்தை ஒரு விரலால் தேய்த்துப் பார்த்தான். பிறகு இயந்திரத்தைத் தொட்டு, “ஓடும்?” என்றான். ஓடும் என்றேன். வெள்ளிக்கிழமையிலிருந்து அழுக்குத் துணியை யாரும் துவைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.